நூற்றுக்கு நூறு எடுக்க வேண்டிய கணக்கு

வலிப்போடு ஒரு கர்ப்பிணி பிரசவ வார்டுக்கு வந்து இறங்கினால் முதலில் தேடப்படும் மருந்து மெக்னீசியம் சல்பேட். விலை சொற்பம். டயசிபாம், பெனிடாயின் இரண்டையும்விட இதுதான் வலிப்பு திரும்ப வராமல் தடுக்கிறது என்று 1995-ல் பல நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு நிறுவியது. நம் ஊரில் இது சாதாரணமாக 2 மி.லி. ஆம்ப்யூலில் வருகிறது. மேலே 50% என்று அச்சிட்டிருக்கும். டாக்டர் சொல்வதோ வேறு மொழியில் இருக்கும்: 4 கிராம், 20 சதவீதக் கரைசலாக, ஐ.வி.யில் மெதுவாக, கூடவே இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் தசையில் ஆழமாக.

ஆம்ப்யூலுக்கும் அந்த உத்தரவுக்கும் நடுவில் ஒரு கணக்கு நிற்கிறது. சதவீதம் என்றால் 100 மி.லி.யில் எத்தனை கிராம் என்று அர்த்தம். 50% என்றால் 100 மி.லி.யில் 50 கிராம்; அப்படியானால் 2 மி.லி.யில் 1 கிராம். 4 கிராமுக்கு 4 ஆம்ப்யூல், அதாவது 8 மி.லி. இந்த 4 கிராம் 20 மி.லி.யில் பரவியிருந்தால்தான் அது 20% கரைசல். 8 மி.லி. ஏற்கெனவே சிரிஞ்சில் இருக்கிறது. இன்னும் 12 மி.லி. டிஸ்டில்ட் வாட்டர் சேர்க்க வேண்டும். தசையில் போடும் 10 கிராமுக்கு 10 ஆம்ப்யூல், கரைக்காமல் அப்படியே. ஆக மொத்தம் 14 ஆம்ப்யூல் உடைக்க வேண்டும். கட்டிலில் ஒரு பெண் வெட்டிவெட்டி இழுத்துக்கொண்டிருக்கும்போது, அவளுடைய அம்மா கதவருகே கதறிக்கொண்டிருக்கும்போது போட வேண்டிய கணக்கு இது.

'4 கிராம்' என்பது பதற்றத்தில் '4 மி.லி.' என்று காதில் விழுந்தால் உள்ளே போவது 2 கிராம்தான். வலிப்பு அடங்காது. '20 சதவீதம்' என்பதை '20 மி.லி.' என்று எடுத்துக்கொண்டு, கரைக்காத மருந்தை 20 மி.லி. ஏற்றினால் 10 கிராம் நேரே ரத்தத்தில் கலக்கும். மெக்னீசியம் அளவு மீறினால் முதலில் முழங்காலைத் தட்டும்போது வரும் உதறல் மறையும், பிறகு மூச்சு தளரும், அதற்கும் மேலே போனால் இதயம் நிற்கும். அதனால்தான் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்த 5 கிராமைப் போடுமுன் முழங்காலைத் தட்டிப் பார்க்கிறார்கள். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையா என்று எண்ணுகிறார்கள். சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது இறங்கியிருக்கிறதா என்று பையைப் பார்க்கிறார்கள். டிரேயில் மாற்று மருந்தாகக் கால்சியம் குளுகோனேட் இருக்கும். 10%, 10 மி.லி. அதில் மருந்து எத்தனை கிராம்? 1 கிராம். அதே சதவீதக் கணக்குதான்.

இந்த ஊசியை லோட் பண்ணுபவர் பெரும்பாலும் டாக்டர் கிடையாது. ஸ்டாஃப் நர்ஸ். அவர் பக்கத்தில் ஆம்ப்யூலை உடைத்துக் கொடுத்துக்கொண்டு நிற்பவர், இரண்டொரு வருடத்தில் தனியாக இதைச் செய்யப்போகிற நர்சிங் மாணவி. அவளுக்கு இந்தக் கணக்கை எப்படிச் சொல்லித் தருகிறோம் என்பதை நாம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கணக்கைவிட்டு வந்தவர்கள்

பி.எஸ்சி. நர்சிங் சேர பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். கணிதம் தேவையில்லை. 'ப்யூர் சயின்ஸ்' குரூப்பில் சேரும் பல பிள்ளைகள் அந்த குரூப்பை எடுத்ததே கணக்கிலிருந்து தப்பிக்கத்தான். பத்தாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டுவிட்டு, உயிரியலை நெட்டுருப் போட்டு, நல்ல மார்க் வாங்கி, நர்சிங்குக்கு வருகிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இதோடு ஆங்கிலப் பாடப் புத்தகமும் சேர்ந்துகொள்கிறது. முதலாண்டில் செவிலிய அடிப்படைப் பாடத்தில் மருந்து கொடுக்கும் முறைகளோடு அளவுக் கணக்கும் வருகிறது. 2021-ல் இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த செமஸ்டர் பாடத்திட்டப்படி மருந்தியல் இரண்டாம் ஆண்டில் தொடங்குகிறது. அதற்குள் அவர்கள் வார்டு போஸ்டிங்கில் நோயாளி பக்கத்தில் நின்றாகிவிட்டது.

இந்தப் பிள்ளைகளுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரேஷன் கடையில் கால் கிலோ குறைந்தால் கண்டுபிடிக்கும் வீட்டிலிருந்து வந்தவர்கள். அம்மாவின் மகளிர் குழுக் கடனுக்கு மாத வட்டி எவ்வளவு என்று வாய்க்கணக்காகச் சொல்லக்கூடியவர்கள். விகிதம் அவர்களுக்குத் தெரியும். தசமப் புள்ளி போட்டுக் காகிதத்தில் எழுதியதும் அது கணக்குப் பாடமாகிவிடுகிறது, கை நடுங்குகிறது.

வகுப்பில் கிடைப்பது ஒரு சூத்திரம். வேண்டிய அளவை, கையில் இருக்கும் மருந்தின் அளவால் வகு; அது கரைந்திருக்கும் மி.லி.யால் பெருக்கு. 'டிசையர்ட் ஓவர் ஹேவ் இன்ட்டு குவான்டிட்டி' என்று கூட்டாகச் சொல்லி மனப்பாடம் செய்கிறார்கள். சூத்திரத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் எந்த எண்ணைப் போட்டாலும் அது ஏதோ ஒரு விடையைத் தந்துவிடும். மேலே போட வேண்டியதைக் கீழே போட்டாலும் தரும், மைக்ரோகிராமையும் மில்லிகிராமையும் கலந்து போட்டாலும் தரும். கிடைத்த விடை ஒரு மனித உடம்புக்குள் போகக்கூடிய அளவா என்று சூத்திரம் கேட்காது. அதைக் கேட்க வேண்டியவள் மாணவி. அவளுக்கு அந்தக் கேள்வியைப் பழக்கியிருக்கிறோமா?

லண்டனைச் சேர்ந்த கணிதக் கல்வி ஆய்வாளர்கள் செலியா ஹாய்ல்ஸ், ரிச்சர்ட் நாஸ், ஸ்டெபனோ போஸி மூவரும் அனுபவமுள்ள நர்ஸ்கள் வார்டில் எப்படி மருந்தளவு கணக்கிடுகிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்து, 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள் என்று வார்டுக்கு வெளியே கேட்டால், பயிற்சியில் படித்த சூத்திரத்தைத்தான் நர்ஸ்கள் சொன்னார்கள். மருந்தைக் கையில் எடுத்ததும் வேறு வழிகளில் போனார்கள். அந்த மருந்து எந்தப் புட்டியில், எத்தனை மி.லி.யில் எவ்வளவு என்று வருகிறதோ, அதையே பிடித்துக்கொண்டு மடங்காக்கியும் பாதியாக்கியும் சரியான விடைக்கு வந்தார்கள். மருந்தின் செறிவு மாறாது என்கிற ஒரே உண்மையில் அவர்கள் கால் ஊன்றியிருந்தார்கள்.

உதாரணத்துக்கு அமிகாசின். 2 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும் வயல் என்றால், 120 மி.கி.க்கு எவ்வளவு? 120-ஐ இரட்டித்தால் 240. புள்ளியை இரண்டு இடம் தள்ளினால் 2.4 மி.லி. குழந்தைகள் வார்டில் பல வருடம் இருந்தவருக்கு இது கண் மூடித் திறப்பதற்குள் வரும். ஆனால் நம் ஊரில் இதே அமிகாசின் 2 மி.லி.யில் 250 மி.கி., 500 மி.கி. என்றும் வருகிறது. ஸ்டோரிலிருந்து இந்த மாதம் வந்த பெட்டியில் 500 மி.கி. வயல் இருந்து, கை பழக்கத்தில் 2.4 மி.லி. எடுத்தால் போவது 600 மி.கி. ஐந்து மடங்கு. எடுத்திருக்க வேண்டியது 0.48 மி.லி. அமிகாசின் கூடினால் சிறுநீரகமும் காது கேட்கும் திறனும் பாதிக்கப்படும். ஆக அனுபவம் காப்பாற்றும், அதே அனுபவம் கவிழ்க்கவும் செய்யும். ஒவ்வொரு தடவையும் லேபிளைப் படித்தால்தான் அது அனுபவம்.

இந்த வயலில் எவ்வளவு?

இப்படி ஓர் உரையாடலை மெடிக்கல் வார்டில் அடிக்கடி கேட்கலாம்.

"ஸ்டாஃப், ஹெபாரின் ஐயாயிரம் யூனிட்டுன்னா ஃபுல் வயலா?"

"வயலக் கையில எடும்மா. ஒரு மில்லியில எவ்வளவு? மொத்தம் எத்தனை மில்லி? ரெண்டையும் படிச்சுட்டு அப்புறம் கேளு."

அந்த ஸ்டாஃப் நர்ஸ் அரை நிமிடத்தில் கொடுத்த பாடம் பெரிய பாடம். ஹெபாரின் இங்கே 5 மி.லி. வயலில் வருகிறது. ஒரு வகையில் மி.லி.க்கு 1000 யூனிட், இன்னொன்றில் மி.லி.க்கு 5000 யூனிட். முதல் வகையில் முழு வயலும் சேர்ந்துதான் 5000. இரண்டாவதில் 1 மி.லி.யே 5000, முழு வயலில் 25,000. லேபிளில் தெரியும் '5000' என்ற எண்ணைப் பார்த்து முழு வயலையும் ஏற்றிவிட்டால் ரத்தம் உறையாமல் எங்கெங்கோ கசியத் தொடங்கும். பெருக்கல் வகுத்தலில் யாரும் தவறவில்லை, 'மி.லி.க்கு' என்ற சின்ன எழுத்தைக் கண் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதே ஹெபாரின் செய்த சேதம் உலகறிந்தது. 2006-ல் இண்டியானாபொலிஸ் நகர மருத்துவமனை ஒன்றில், பச்சிளங்குழந்தைகளின் ஐ.வி. லைன் அடைத்துக்கொள்ளாமல் இருக்கப் போட வேண்டிய மி.லி.க்கு 10 யூனிட் ஹெபாரினுக்குப் பதிலாக, மி.லி.க்கு 10,000 யூனிட் உள்ளது போய் மூன்று குழந்தைகள் இறந்தன. அடுத்த ஆண்டு நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடிகர் டெனிஸ் க்வெய்டின் இரட்டைக் குழந்தைகளுக்கு அதே பிழை நடந்தது. ஆயிரம் மடங்கு. அந்தக் குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள். இரண்டு புட்டிகளின் லேபிளும் நீலச் சாயலில்தான் இருந்தன. மருந்து அடுக்குபவர், எடுத்துக் கொடுப்பவர், ஊசியில் ஏற்றுபவர் என எத்தனை கைகள் மாறியும் எந்தக் கையும் அங்கே நிற்கவில்லை.

இன்சுலினுக்கு வருவோம். சர்க்கரை நோயாளி இல்லாத வீடு அபூர்வம் என்பதால் இது வார்டைத் தாண்டி வீட்டுக்கும் தேவை. இந்தியாவில் வயலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். பேனாவிலும் அதன் கார்ட்ரிட்ஜிலும் வருவது மி.லி.க்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. பேனா ஊசி தீர்ந்துபோன ராத்திரியில், கார்ட்ரிட்ஜிலிருந்தே சிவப்பு மூடி சிரிஞ்சில் 12 என்ற கோடுவரை இழுத்தால், வருவது 0.3 மி.லி.; அதில் இருப்பது 30 யூனிட். விடிவதற்குள் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். மாறாக, 40 யூனிட் வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 12 கோடு எடுத்தால் 4.8 யூனிட்தான். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று தெரியாமல் அடுத்த நாள் டோஸைக் கூட்டுவார்கள். இந்தக் கணக்குக்குத் தேவைப்படுவது ஏழாம் வகுப்பு விகிதம். ஆனால் சிரிஞ்சில் உள்ள கோடு யூனிட்டைக் காட்டுகிறதா, மி.லி.யைக் காட்டுகிறதா என்று தெரிந்திருக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்ட முடியாது. இரண்டு சிரிஞ்சையும் கையில் கொடுத்து, தண்ணீர் நிரப்பச் சொல்லி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால் இரண்டே நிமிடத்தில் புரியும், பிறகு மறக்காது.

குழந்தைகளின் காய்ச்சல் மருந்தும் அப்படித்தான். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. கடையில் கிடைக்கும் ஒரு சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. இருக்கும், அதில் 6 மி.லி. கொடுக்க வேண்டும். இன்னொன்று 5 மி.லி.க்கு 250; அதில் 3 மி.லி. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ் மி.லி.க்கு 100 மி.கி.; அதில் 1.5 மி.லி.தான். 'போன தடவை 6 மி.லி. கொடுத்தோமே' என்று டிராப்ஸில் 6 மி.லி. கொடுத்தால் 600 மி.கி. நான்கு மடங்கு. ஈரலைக் கெடுக்கும் திசையில் போகும் அளவு. டிஸ்சார்ஜ் ஆகிப் போகும் தாயிடம் 'ஆறு மில்லி கொடுங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், புட்டியைக் காட்டி, 'இந்தப் புட்டியில ஆறு மில்லி. வேற புட்டி வாங்கினா கேட்டுட்டுக் குடுங்கம்மா' என்று சொல்லத் தெரிந்த நர்ஸ், கணக்கை உண்மையிலேயே புரிந்துகொண்டவர்.

விடைக்கு முந்திய ஊகம்

கணக்குப் போடுமுன் விடை ஏறக்குறைய எவ்வளவு இருக்கும் என்று மனதில் பிடித்துக்கொள்வதுதான் மருந்துக் கணக்கில் ஆகப் பெரிய பாதுகாப்பு என்பது என் உறுதியான எண்ணம். கால்குலேட்டரும் இன்ஃப்யூஷன் பம்பும் வந்த பிறகு இது கூடுதல் அவசியமாகிவிட்டது.

2.5 கிலோ எடையில் பிறந்த குழந்தைக்கு ஜென்டாமைசின் கிலோவுக்கு 5 மி.கி. என்றால் 12.5 மி.கி. ஆம்ப்யூல் 2 மி.லி.யில் 80 மி.கி.; அதாவது மி.லி.க்கு 40. அரை மி.லி.யிலேயே 20 மி.கி. இருக்கிறது, நமக்கு வேண்டியது அதிலும் குறைவு. ஆகவே விடை அரை மி.லி.க்குக் கீழேதான் இருக்க முடியும். இந்த ஊகம் கையில் இருந்தால் போதும். சரியான விடை 0.31 மி.லி. ஒரு மாணவி புள்ளியைத் தவறவிட்டு 3.1 என்று எழுதினாலும் அவளே நின்றுவிடுவாள். அதைவிட வெளிப்படையான இன்னோர் எச்சரிக்கையும் அங்கே இருக்கிறது: 3.1 மி.லி. எடுக்க இரண்டு ஆம்ப்யூல் உடைக்க வேண்டும். பெரியவர்களுக்கென்று செய்த ஆம்ப்யூலை, உள்ளங்கையில் அடங்கும் குழந்தைக்காக ஒன்றுக்கு மேல் உடைக்க வேண்டி வந்தால், கணக்கில் எங்கோ கோளாறு.

விடை சரியாக வந்த பிறகும் ஒரு கண்டம் உண்டு. 0.31 மி.லி.யை எந்தச் சிரிஞ்சில் எடுப்பது? 2 மி.லி. சிரிஞ்சில் கோடுகள் 0.1 மி.லி. இடைவெளியில் இருக்கும்; 0.31 அதில் குத்துமதிப்புதான். 1 மி.லி. சிரிஞ்சில் நூறு பங்காகப் பிரித்திருப்பார்கள். சரியான விடை எழுதித் தேர்வில் முழு மார்க் வாங்கிய மாணவி, வார்டில் தவறான சிரிஞ்சை எடுத்தால் அந்த மார்க்கால் குழந்தைக்குப் பயன் இல்லை. கணக்கை அமைக்கத் தெரிவது, போடத் தெரிவது, அளந்து எடுக்கத் தெரிவது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தத் திறமை. எழுத்துத் தேர்வு நடுவில் உள்ளதை மட்டும் சோதிக்கிறது.

டிரிப்ஸ் கணக்கு இன்னும் நேரடியானது. பெரும்பாலான பொது வார்டுகளில் பம்ப் கிடையாது; கடிகாரமும் கண்ணும்தான். மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட்டில் 500 மி.லி. பாட்டில் 8 மணி நேரம் ஓட வேண்டுமானால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 20.8, அதாவது நிமிடத்துக்கு 21 சொட்டு. கால் நிமிடத்துக்கு ஐந்து சொட்டு என்று எண்ணித் திருகைச் சரிசெய்வார்கள். குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் மி.லி.க்கு 60 சொட்டு. மணிக்கு 60 நிமிடம் என்பதால் இரண்டு அறுபதும் அடிபட்டுப்போய், மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. மணிக்கு 30 மி.லி. என்றால் நிமிடத்துக்கு 30 சொட்டு. இது ஏன் என்று புரிந்துகொண்ட மாணவியின் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். கணக்கு தனக்கு எதிரி இல்லை என்று அவளுக்குத் தெரியவருவது அங்கேதான்.

ஐ.சி.யூ.வில் கணக்கு கொஞ்சம் நீளும். டோபமைன் 5 மி.லி. ஆம்ப்யூலில் 200 மி.கி. அதை 50 மி.லி.யாகக் கரைத்துப் பம்பில் பொருத்துகிறார்கள், மி.லி.க்கு 4 மி.கி. உத்தரவு: கிலோவுக்கு, நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். நோயாளி 60 கிலோ. நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம், மணிக்கு 18,000, அதாவது 18 மி.கி. பம்பில் மணிக்கு 4.5 மி.லி. என்று வைக்க வேண்டும். புள்ளியை விட்டுவிட்டு 45 என்று அழுத்தினால் பம்ப் அதையும் கீழ்ப்படிந்து ஓட்டும். 60 கிலோ என்பதே உண்மையான எடையா, நோயாளியை யாராவது எடை பார்த்தார்களா, உறவினர் வாய்மொழியாகச் சொன்னதா என்பதும் கணக்கின் பகுதிதான்.

எழுதுகிறவர் கை, கேட்கிறவர் வாய்

பிழை எல்லாம் நர்ஸ் தலையில் விடியும் ஒரு வழக்கம் இங்கே உண்டு. கேஸ் ஷீட்டில் எழுதுபவரின் கையெழுத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. அரை மில்லிகிராமை பூஜ்யம் இல்லாமல் வெறும் புள்ளி ஐந்து என்று எழுதினால், மங்கிய தாளில் புள்ளி மறைந்து 5 ஆகிவிடும். 5 என்று எழுத வேண்டியதை 5.0 என்று எழுதினால் 50 என்று படிக்க வாய்ப்பிருக்கிறது. யூனிட் என்பதற்குச் சுருக்கமாக ஒற்றை ஆங்கில எழுத்து 'யூ' போட்டால், 10 யூனிட் இன்சுலின் 100 ஆகத் தெரியும். புள்ளிக்கு முன் பூஜ்யம் கட்டாயம், முழு எண்ணுக்குப் பின் பூஜ்யம் கூடாது, யூனிட் என்று முழுதாக எழுது: உலகம் முழுக்க மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்லிவரும் விதிகள் இவை. அட்ரினலின் லேபிளில் 1:1000, 1:10,000 என்று விகிதமாக எழுதுவது குழப்பம் தருகிறது என்று 2016-ல் அமெரிக்கா அந்த முறையையே கைவிட்டு, மி.லி.க்கு இத்தனை மி.கி. என்று மாற்றியது. முதலாவதில் மி.லி.க்கு 1 மி.கி.; இரண்டாவதில் 0.1 மி.கி. பத்து மடங்கு வித்தியாசத்தைப் பூஜ்யங்களை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டிருந்தது கொடுமை.

பாஸ்டன் குளோப் பத்திரிகையில் உடல்நலப் பத்தி எழுதிவந்தவர் பெட்ஸி லேமன். மார்பகப் புற்றுநோய்க்காக டானா-ஃபார்பர் மருத்துவமனையில் சேர்ந்தார். நான்கு நாட்களுக்குச் சேர்த்துச் சொல்லப்பட்டிருந்த சைக்ளோபாஸ்பமைடு அளவு, ஒவ்வொரு நாளும் முழுதாகக் கொடுக்கப்பட்டது. 1994 டிசம்பர் 3 அன்று இறந்தார். டாக்டர், மருந்தாளுநர், நர்ஸ் என்று பலர் பார்த்த தாள் அது. 'ஒரு நாளைக்கா, நான்கு நாளைக்குச் சேர்த்தா?' என்று ஒருவர் நிறுத்திக் கேட்டிருக்கலாம்.

நம் மாணவிகளிடம் அந்தக் கேள்வி இருக்கிறது. கேட்கும் தைரியம்தான் நசுக்கப்படுகிறது. டியூட்டி டாக்டரிடம் 'சார், இந்த டோஸ் ஒருமுறை கன்ஃபர்ம் பண்ணிக்கறேன்' என்று சொன்னால் 'எழுதினதைச் செய்ம்மா' என்று பதில் வரும் வார்டில் அவள் அடுத்த முறை வாய் திறக்க மாட்டாள். இருவர் சரிபார்க்கும் 'டபுள் செக்' நடைமுறையும் பல இடங்களில் சடங்காகிவிட்டது. 'நாலரை மில்லி, சரியா அக்கா?' என்று கேட்டால் 'சரி' என்றுதான் பதில் வரும். இரண்டாவது நபரிடம் விடையைச் சொல்லாமல் மருந்தையும் உத்தரவையும் மட்டும் காட்டி, தனியாகக் கணக்குப் போடச் சொல்லி, பிறகு இரண்டு விடையையும் ஒப்பிட்டால்தான் அது சரிபார்ப்பு. ஒரு நர்ஸ் முப்பது நாற்பது நோயாளிகளைப் பார்க்கும் இரவுப் பணியில் இரண்டாவது நபரை எங்கே தேடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், கற்பிக்கும் மருத்துவமனையில் 3-க்கு ஒருவர் என்பது நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அதை நிறைவேற்றாத நிர்வாகம், பிழை நடந்ததும் ஒரு நர்ஸை மட்டும் சஸ்பெண்ட் செய்து கணக்கை முடிப்பதை ஏற்க முடியாது.

மருந்துப் பிழைகளால் உலகம் ஆண்டுக்கு 42 பில்லியன் டாலர் இழக்கிறது என்று மதிப்பிட்ட உலக சுகாதார நிறுவனம், தவிர்க்கக்கூடிய கடும் பாதிப்புகளை ஐந்தாண்டில் பாதியாக்க வேண்டும் என்று 2017-ல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அந்த இலக்கில் ஒரு சிறு பகுதியாவது நம் நர்சிங் கல்லூரி வகுப்பறைகளில்தான் எட்டப்பட வேண்டும்.

ஐம்பது போதுமா?

நம் நர்சிங் தேர்வுகளில் தேர்ச்சிக்கு 50 சதவீதம். உடற்கூறியலிலோ சமூகவியலிலோ பாதி தெரிந்தால் தேறிவிடலாம். மீதியைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். மருந்தளவுக் கணக்கு அதே வினாத்தாளுக்குள் ஒரு கேள்வியாக ஒளிந்திருப்பதால், அதைத் தொடாமலே ஒரு மாணவி மருந்தியலில் முதல் வகுப்பு வாங்க முடியும். பத்தில் ஐந்து ஊசியைச் சரியாகப் போடுகிறவரை நாம் நர்ஸ் என்று ஒப்புக்கொள்வோமா?

பிரிட்டனில் செவிலியர் கவுன்சில் 2018-ல் வெளியிட்ட கல்வித் தரவிதிகளின்படி, நர்சிங் மாணவர்கள் மருந்துக் கணக்குத் தேர்வில் 100 சதவீதம் எடுத்தால்தான் படிப்பை முடிக்க முடியும். அங்கே வேலைக்குப் பதிவு செய்ய விரும்பும் வெளிநாட்டு நர்ஸ்கள் எழுதும் கணினித் தேர்விலும் எண்கணிதம் தனிப் பகுதி. சமீப ஆண்டுகளில் அங்கே புதிதாகப் பதிவாகும் வெளிநாட்டு நர்ஸ்களில் இந்தியர்களே முதலிடம். நம் பிள்ளைகளால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வெளிநாடு போகக் கோச்சிங் சென்டரில் பணம் கட்டி இந்தக் கணக்கைக் கரைத்துக் குடிக்கிறார்கள். இங்கேயே இருந்து நம்மைக் கவனிக்கப்போகிறவர்களுக்கு அதே பயிற்சி கல்லூரியிலேயே கிடைக்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

மருந்துக் கணக்கைத் தனித் தேர்வாக்கி, முழு மதிப்பெண் எடுத்த பிறகே மருந்து டிரேயைத் தொடவிட வேண்டும். தவறியவர் அடுத்த வாரமே மறுபடி எழுதலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். தோற்றவர் என்ற முத்திரை கூடாது. தேர்வுத் தாளில் எண்களை மட்டும் கொடுக்காமல் மருந்து லேபிளின் படத்தையே கொடுக்க வேண்டும். வேண்டாத எண்களும் அதில் இருக்கட்டும். காலாவதி தேதியும் பேட்ச் எண்ணும் இருக்கட்டும். எது தேவை என்று தேடி எடுப்பதே பாதிக் கணக்கு. விடைக்குப் பக்கத்தில் ஒரு சிரிஞ்சின் படம் இருந்து, எந்தக் கோடுவரை எடுப்பாய் என்று நிழலிட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். வருடா வருடம் எழுத வேண்டும். பணியில் சேர்ந்த பிறகும் எழுத வேண்டும், ஏனெனில் பயன்படுத்தாத கணக்கு துருப்பிடிக்கும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மருந்து தீர்ந்த வயல்களைத் தூக்கி எறியாமல், முறைப்படி சுத்தம் செய்து, லேபிளோடு ஸ்கில் லேபில் அடுக்கி வைக்கலாம். ஜென்டாமைசின் இரண்டு அளவிலும், அமிகாசின் மூன்று அளவிலும், ஹெபாரின் இரண்டு அளவிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு செட் சிரிஞ்ச், ஒரு பாட்டில் டிஸ்டில்ட் வாட்டர், ஓர் ஐ.வி. செட், நொடி முள் ஓடும் ஒரு கைக்கடிகாரம். ஆசிரியை கேஸ் ஷீட்டில் உத்தரவு எழுதித் தர வேண்டும். சில உத்தரவுகளை வேண்டுமென்றே தவறாக எழுதித் தர வேண்டும். 'மேடம், இந்த டோஸ் அதிகம், நான் போட மாட்டேன்' என்று முதலில் சொல்கிற மாணவிக்கு அன்றைக்கு முழு மார்க்.